பட்டியலில் எழுதாமல் விட்டது

இந்த மாசியோடு இரண்டு ஆண்டு ஆகிறது. மாசி மகத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, காரைக்காலில் என் வீட்டில் கைப்பேசி அடித்தது. பதினெட்டு வயதிலிருந்து நான் டைரி எழுதுகிறவள். அன்றைய பக்கத்தில் நேரத்துக்கு எதிரே எழுதியிருப்பது ஒரே வரி: "கத்தரிக்கோல் அழைத்தாள். டப்பா அங்கேயே நின்றுவிட்டது."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் நான் வேலை செய்கிறேன். அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். இங்கே என் வேலை வீடுகளுக்குப் போய் வருவது, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது, வரிசையில் நிற்கத் தயங்குகிறவர்களுக்கு மாத மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது. எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. தெருவில் எங்கள் ஆட்களைப் பார்த்தால் நாங்களாக முதலில் சிரிக்கக் கூடாது. அவர்கள் வீட்டுக்குப் போனால் நாங்கள் யார் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதனால் நான் டவுனில் ஒரு வீட்டுக்கு ஜெபக்கூட்டத்து அக்கா. காரைக்கால்மேட்டில் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுக்கொண்டதால் உண்மையாகவே மூன்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டைரியில் யார் பெயரையும் எழுதுவதில்லை. வீட்டுக்கு ஒரு சின்னப் படம். சிலுவை, மீன், கத்தரிக்கோல்.

கத்தரிக்கோல் விழிதியூர் வீடு. அங்கே நான் தையல் டீச்சர்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி ஓராண்டு. கணவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. நான்காம் மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவளுக்குத் தெரிய வந்தது. பிறகு கணவரும் பரிசோதித்துக்கொண்டார், அவருக்கும் இருந்தது. இரண்டு பேருமே மாத்திரை எடுக்கத் தொடங்கினார்கள். மாமியாருக்குத் தெரியாது. அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. கல்யாணச் சீராக வந்த தையல் மெஷின் ஒன்று வீட்டில் இருந்ததால், "தையல் சொல்லிக் குடுக்க வர்றாங்கன்னு சொல்லிடறேங்க்கா" என்றாள். நான் உடனே ஒரு அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் வாங்கினேன். ஒரு நோட்டில் ரவிக்கைக் கை வரைபடங்களைப் பென்சிலில் பார்த்து வரைந்து வைத்தேன். எதையும் முறையாகச் செய்வது என் பழக்கம். ஆனால் எனக்குச் சட்டைக்குப் பித்தான் தைக்கக்கூட வராது.

மாத்திரை தினமும் ஒன்று, இரவு எட்டு மணிக்கு. போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் டைரியில் ஒரு டிக் போடுவேன். டப்பாவின் லேபிளைச் சுரண்டி, ஆட்டினால் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்துக் கொடுத்திருந்தேன். அவள் அதை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு, மெஷினின் இடது கீழ் இழுப்பறையை முழுவதும் உருவினால் தெரிகிற பொந்தில் வைத்திருந்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். முடிந்ததும் வரிச்சிக்குடியில் உள்ள தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று நான்தான் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நோட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல் என்று ஆரம்பித்துப் பதினான்கு. எண் போட்டு, அடிக்கோடிட்டு, இரண்டு பிரதி. மாத்திரையை மட்டும் அதில் எழுதவில்லை. அந்தச் சொல்லை எங்கள் கையால் எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை. நாலு பேர் கைக்குப் போகிற காகிதம் என்றால் கேட்கவே வேண்டாம். வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். டைரியில் வியாழக்கிழமைப் பக்கத்தில் "டப்பாவைக் கைப்பையில் வைக்கச் சொல்ல வேண்டும்" என்று இருக்கிறது. அதற்கு எதிரே டிக் இல்லை.

சனிக்கிழமை அவள் போனில் மெதுவாகப் பேசினாள். குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது, தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"பெரியம்மாவும் அக்காவும் லிஸ்ட வச்சுக்கிட்டு அவங்களே பெட்டிய அடுக்கிட்டாங்கக்கா. எல்லாம் வச்சாச்சுடி, கெளம்புன்னுட்டாங்க. வளையல் போட்டு எந்திரிச்சவ மறுபடி உள்ள போவக் கூடாதுன்னு அப்படியே வாசலுக்கு கூட்டியாந்து வண்டில ஏத்திட்டாங்க. நான் என்னன்னு சொல்லி எறங்குவேன்?"

இனிமேல் குழந்தை பிறக்கும்வரை அவள் அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மாத்திரை தரும் மையம் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. திங்கள் மாசி மகம், உள்ளூர் விடுமுறை. செவ்வாய் காலைதான் திறக்கும். அப்படியென்றால் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று இரவுகள். ஒரு வேளை தவறினால் உடனே ஒன்றும் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் மாத்திரை தொடங்கியே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தத்தில் கிருமி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அடுத்த வாரம். அது குறையக் குறையத்தான் குழந்தை தப்பும். இதைத்தான் நானே அவளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவந்தேன். எங்கள் ஆலோசகரை அழைத்தேன். "முதல்ல அந்த டப்பாவ எடுக்கப் பாருங்க" என்றார்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. விசேஷ வீடு, பத்துப் பதினைந்து குழந்தைகள். யாராவது அந்த இழுப்பறையை உருவிவிட்டால்?

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போகவில்லை. கூட்டமுள்ள விசேஷங்களுக்கு நாங்கள் போவதில்லை; வந்தவர்களில் யாருக்காவது நாங்கள் யாரென்று தெரிந்திருக்கும். போயிருந்தால் அங்கேயே எடுத்திருக்கலாம் என்ற நினைப்பு ஸ்கூட்டியை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அறுவடை முடிந்த நேரம். விழிதியூர்ச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். வைக்கோலில் சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. "நூல் சுத்துற பாபின் டப்பாவ மெஷின்லயே வச்சுட்டுப் போயிட்டேன்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நான்கு மணி இருபத்தைந்துக்கு வாசலில் இறங்கினேன்.

பந்தலில் பாதியைப் பிரித்திருந்தார்கள். மாமியார் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான உடம்பு, அதிகம் பேசாதவர். கூடத்தில் அவருடைய நாத்தனார் வெற்றிலை மென்றபடி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாரு அண்ணி இது?"

"தையல் டீச்சரு. நம்ம புள்ளைக்கி சொல்லிக் குடுக்குறவங்க."

"விசேஷத்துக்கு வராத டீச்சரு பாத்திரம் கழுவுறப்ப வாராங்களே!"

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க டீச்சர், ஒக்காருங்க. புளிசாதம் இருக்கு, சாப்புடுறீங்களா?" என்றார்.

நான் பாபின் டப்பாவைச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. மாமியார் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "பாருங்க" என்றார்.

மெஷின் கூடத்திலேயே சன்னலோரம் இருந்தது. இடது கீழ் இழுப்பறையில் நூல்கண்டுகளும் சுண்ணக்கட்டியும் கிடந்தன. முழுவதும் உருவி எடுத்துத் தரையில் வைத்தேன். பொந்துக்குள் கையை விட்டேன். விரல் நுனியில் பலகைதான் பட்டது. இன்னும் உள்ளே விட்டேன். ஒன்றுமில்லை. தவறாகக் கேட்டிருப்போமோ என்று வலது பக்கத்தையும் உருவினேன். பிறகு மறுபடியும் இடது பக்கம். யாரோ எடுத்துவிட்டார்கள். யார் கையில் அது இப்போது இருக்கும், எந்த மருந்துக்கடையில் காட்டி என்னவென்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் கண் முன்னால் ஓடியது.

"ஆப்புட்டுச்சா?" என்றார் நாத்தனார்.

"இல்லீங்க... இங்கதான் வச்சேன்..."

"சரி, வந்ததும் வந்தீங்க. இந்தப் புது ரவிக்கை கை புடிக்குது. ஒரு தையல பிரிச்சு ஓரமா ஓட்டிக் குடுத்துட்டுப் போங்களேன்." எழுந்து போய்ப் பையிலிருந்து பச்சை ரவிக்கையை எடுத்து வந்து மெஷின்மேல் போட்டார்.

"நேரமில்லீங்க, இன்னொரு நாள்..."

"எங்க ஊரு டெய்லரே ரெண்டு நிமிஷ வேலங்குறான். டீச்சருக்கு ஒரு நிமிஷந்தானே!"

மறுத்தால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் டப்பா போய்விடும். உட்கார்ந்தேன். மூன்று மாதமாக ஒரு தடவைகூடத் தொடாத மெஷின். ரவிக்கைக் கையை ஊசிக்குக் கீழே தள்ளி, காலை மிதிபலகையில் வைத்து அழுத்தினேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. துணி இழுபட்டுக்கொண்டு போய்ச் சுருண்டது. நூல் அறுந்தது.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மெஷினுக்கே டீச்சர அடையாளம் தெரியல போலருக்கே அண்ணி!"

நான் அறுந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து ரவிக்கையை ஊசியிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"பெல்ட்டு ஒரு வாரமா லூசா கெடக்கு. நாந்தான் டீச்சருகிட்ட சொல்லாம வுட்டுட்டேன். நீ போயி கொல்லைல அடுப்புல பால் வச்சேன், பொங்குதான்னு பாரு."

நாத்தனார் கொல்லைப்புறம் போனார். மாமியார் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் தள்ளினார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"நீங்க தேடுறது அங்க இல்ல."

பிறகு உள்ளறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மூலையில் அரிசி டிரம் இருந்தது. மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்தார். தவிடு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தார்.

"காலையில புள்ளைங்க மெஷின சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. பயந்து எடுத்து இதுல போட்டேன். அவ பெட்டில வச்சுடலாம்னா, அவங்க பெரியம்மா அதும்மேலயே ஒக்காந்திருக்கு. கையில குடுக்கலாம்னா சுத்திலும் பொம்பளைங்க. வண்டி போயிடுச்சு. யாருகிட்ட குடுத்து வுடறதுன்னு தெரியாம அப்பலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து நின்னதும்தான் மூச்சு வந்துச்சு."

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துக்கடையில காட்டுனா என்னன்னு சொல்லிருவாங்க. சொல்லிருவாங்கன்னுதான் காட்டல." பையின் வாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டினார். "அவ எட்டு மணிக்கு மெஷின்கிட்ட போவா. நான் டிவி சத்தத்த கூட்டி வைப்பேன். டப்பா தொறக்குற சத்தம் வெளில கேக்கக் கூடாதுல்ல."

பஞ்சு அடைத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

"நான் தையல் டீச்சர் இல்லன்னு எப்பத் தெரியும்?"

முதல் முறையாக அவர் சிரித்தார். "மொத நாளே. ரவிக்கையில ஹூக்கு போயி ஊக்கு குத்திக்கிட்டு வந்தீங்க. மூணு மாசமா அதே ஊக்கு. தையல் டீச்சரு ரவிக்கைக்கி ஊக்கா?"

என் கை தானாக அந்த ஊக்குக்குப் போனது. அளவு நாடா, நோட்டு, வரைபடம் எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

பையை நீட்டியபடி அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இத போட்டா புள்ளைக்கி நல்லதா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலாமா கூடாதா என்று அன்று எனக்கு ஏற்பட்ட தடுமாற்றத்தை எழுத முடியவில்லை. அவர் நோயின் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "ஒரு நாளும் விடாம போட்டாதாங்க நல்லது" என்றேன்.

"அது போதும். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க. மாமியா வீட்டுல அவளுக்குன்னு இருக்குறது அந்த ஒரு பொந்துதான்."

கொல்லையில் நாத்தனாரின் காலடி கேட்டது. மாமியார் டிபன் கேரியரை இறக்கி, அடித்தட்டில் பையை வைத்து, மேல் இரண்டு தட்டிலும் புளிசாதமும் தயிர்சாதமும் போட்டு அடைத்தார். நாத்தனார் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு கேரியரு வேறயா! தைக்காததுக்கே இவ்வளவு மரியாதைன்னா, தச்சிருந்தா பட்டுப்பொடவையே குடுத்திருப்பீங்க" என்றார்.

"புள்ளைக்கிக் குடுத்து வுடறேன். டீச்சரு அந்தப் பக்கந்தான் போறாங்க" என்றார் மாமியார். என்னிடம் உரக்க, "பாபின் டப்பா கெடச்சுதுல்ல? பத்திரமா கொண்டு போங்க" என்றார்.

விழிதியூர் ஒரு பக்கம், வரிச்சிக்குடி மறுபக்கம், நடுவில் முழு டவுனும். மகத்துக்கு வந்த வெளியூர் வண்டிகளால் கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. கேரியரை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஆறு ஐம்பதுக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குப் பொய் தேவைப்படவில்லை. "சம்பந்தியம்மா சாதம் குடுத்து விட்டாங்க" என்றேன். அவள் அம்மா முகம் மலர்ந்து, "பாத்தியா, மத்தியானம் அங்கேருந்து வந்த பொண்ணுக்கு ராத்திரிக்கே சாப்பாடு" என்று உள்ளே கூப்பிட்டார்.

அவள் அறையில் தனியாக இருந்தபோது அடித்தட்டைத் திறந்து காட்டினேன். வளையல் குலுங்கக் கூடாதென்று இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாமியாருக்கு நான் கொடுத்த வாக்கை அங்கேயே மீறினேன். உண்மையில் நான் வாக்குக் கொடுக்கவில்லை, பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் அதை வாக்காகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். இந்த ரகசியம் இவளுடையது. அதில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது இவளுக்குத் தெரிந்தாக வேண்டும். சொன்னேன்.

அவள் பையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"புள்ளைக்கி நல்லதான்னு மட்டும் கேட்டாங்க."

"வேற?"

"வேற ஒன்னும் கேக்கல."

எட்டு மணிக்கு நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கைப்பேசி ஒரு முறை அடித்து நின்றது. டைரியில் டிக் போட்டேன். அதற்குக் கீழே, பட்டியலில் நான் செய்த தவறை எழுதினேன். வளைத்து எழுதாமல், "என் பிழை" என்றே எழுதினேன்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே அதன் வாயில் சொட்டு மருந்து விட்டபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது மாமியார்தான். என்ன மருந்து என்று நர்சிடம் அவர் கேட்கவில்லை. "எத்தன வேளை?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு பயம். ஆறாவது வாரம் நன்றாக வந்தது. ஆறாம் மாதமும் நன்றாக வந்தது. ஆனாலும் கடைசிப் பரிசோதனை பதினெட்டாம் மாதம்தான், அதுவரை முடிவாகச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பதினெட்டு மாதமும், குழந்தைக்குச் சளி பிடித்தது என்று அவள் போன் செய்தால்கூட எனக்கு அன்று சோறு இறங்காது. ஒரு வேளையும் தவறவில்லை என்று டிக்குகள் காட்டின. இருந்தும், அந்த மூன்று இரவுகள் தவறியிருந்தால் என்ற கணக்கை மனம் விடாமல் போட்டது.

கார்த்திகை மழையில் முடிவு வந்தது. குழந்தைக்கு இல்லை.

அன்று மாலை அவள் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நோயின் பெயர், அவளுக்கும் கணவருக்கும் இருப்பது, நான் யார் என்பது, எல்லாம். மறுநாள் எனக்குப் போனில் சொன்னாள். மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழுவதும் கேட்டாராம். இவள் பயந்துபோய், "ஏதாவது சொல்லுங்க அத்தை" என்றாளாம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி எட்டாவப் போவுது. மொதல்ல மாத்திரையப் போடு" என்றாராம். அன்று டிவியை அவர் போடவே இல்லை.

நான் அந்த மாசியிலேயே ஒரு உண்மையான தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். போன தை மாதம் நாத்தனாரின் பச்சை ரவிக்கையைப் பிரித்துச் சரியாகத் தைத்துக் கொடுத்தேன். "இப்பத்தான் டீச்சரு பாஸாயிருக்காங்க" என்றார். மாமியார் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போதும் யாருக்காவது பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடைசி எண்ணைப் போட்டு, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். எழுதக் கூடாத அந்த ஒன்றை நேரில் சொல்லி முடிக்கும்வரை வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அந்த வெற்று இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னவென்று தெரிந்துகொள்ளாமலேயே அரிசிக்குள் ஒளித்து வைத்து அதைக் காப்பாற்றிய ஒரு கை எனக்கு நினைவு வருகிறது.